அழிய மறுத்த அறுபத்தொன்று

ஜனவரி 9

அன்புத் தங்கைக்கு,

நானும் உன் அண்ணியும் நலம். என் இடது முழங்கால் மட்டும் தனிக்குடித்தனம் போய்விட்டது. நான் சொல்வது எதையும் கேட்பதில்லை. நீயும் மாப்பிள்ளையும் எப்படி இருக்கிறீர்கள்? உன் பையன் வாலுவுக்குக் காதுவலி விட்டதா?

போனில் இரண்டு மணி நேரம் ஊர் வம்பு பேசிவிட்டு விஷயத்தை மறந்துவிடுகிறேன் என்று போன தடவை கத்தினாய். "இனிமே ஆபீஸ் விஷயம்னா எழுதி அனுப்பு. எழுதும்போதாவது யோசிப்ப" என்றாய். எழுதுகிறேன். எனக்கும் வேறு வழியில்லை. ஆவண அறைக்குள் போகும்போது போனை வாசலிலேயே பிடுங்கிக்கொள்கிறார்கள். உள்ளே இருக்கிற கம்ப்யூட்டருக்கு வெளியுலகத் தொடர்பு கிடையாது. அதனால் திரையில் வந்ததைப் பரீட்சையில் காப்பி அடிப்பவன் மாதிரி துண்டுச் சீட்டில் எழுதி வந்திருக்கிறேன்.

எங்கள் குடிநீர்க் குழாய் ஆபீஸின் முப்பது வருடத் தாள்களை ஸ்கேன் செய்து முடித்தோம் அல்லவா? ஸ்கேன் ஆனது முதலில் ஒரு தற்காலிகக் கிடங்கில் போய் உட்காரும். கம்ப்யூட்டர்க்காரர்கள் நீங்களெல்லாம் கேஷ் என்பீர்களே, அதுதான். அங்கிருந்து நிரந்தரக் கிடங்குக்குப் போய்ச் சேர்ந்ததும் தற்காலிகத்தில் இருக்கிற நகலைச் சிஸ்டமே நீக்கிவிட வேண்டும். நானூற்றுப் பன்னிரண்டு கோப்புகள் நகர மாட்டேன் என்கின்றன. "நீக்க இயலவில்லை. பிழை 17." அவ்வளவுதான். மேற்கொண்டு ஒரு வார்த்தை இல்லை. உங்கள் கம்பெனி செய்து கொடுத்த சிஸ்டம் உன்னை மாதிரியே பேசுகிறது.

மே 31 அன்று அந்தப் பழைய மெஷினைக் கழற்றி எடுத்துப் போகிறார்கள். அதற்குள் கிடங்கு காலியாக வேண்டும். எங்கள் புது அதிகாரி எதற்கும் ஒரே கேள்விதான் கேட்பார், "முடிஞ்சுதா?" ஆபீசில் அவருக்கு அதுவே பெயர். நல்லபடியாக முடித்தால் துணை மேலாளர் நாற்காலி எனக்கு. இல்லாவிட்டால் பக்கத்து அறை 'சரி சார்' உட்காருவார். அவர் இருபது வருடமாக அந்த இரண்டு வார்த்தைகளை வைத்தே குடும்பம் நடத்துகிறார்.

பயப்படாதே. எனக்கு நம்பிக்கை இருக்கிறது. பிழை 17 என்ன என்று மட்டும் சொல்.

உன் அண்ணன்

ஜனவரி 20

அண்ணனுக்கு,

இங்கே எல்லோரும் சுகம். காதுவலி போய் இப்போது பல்வலி. முழங்காலுக்கு டாக்டரைப் பார். எண்ணெய் தடவிவிட்டு பார்த்தேன் என்று சொல்லாதே.

பிழை 17 வந்தால் மூன்று காரணம் இருக்கலாம். யாராவது அந்தக் கோப்பைத் திறந்து வைத்திருக்கலாம். அழிக்கும் அனுமதி வேறு யார் பெயரிலாவது இருக்கலாம். இரண்டும் இல்லையென்றால் எழுது, மூன்றாவதைச் சொல்கிறேன். இப்போதே சொன்னால் நீ முதல் இரண்டையும் விட்டுவிட்டு அதற்குத் தாவுவாய். உன்னை எனக்குத் தெரியும்.

ஒவ்வொரு மேசையாக நடந்து போய்ப் பார். கேட்டால் எல்லோரும் "நான் திறக்கவேயில்லை" என்பார்கள். வாயை நம்பாதே, திரையைப் பார்.

அண்ணிக்கு என் அன்பு.

தங்கை

பிப்ரவரி 4

அன்புத் தங்கைக்கு,

நலம். டாக்டர் எடையைக் குறைக்கச் சொன்னார். நான் டாக்டரை மாற்றிவிட்டேன். வாலுவின் பல் விழுந்ததா, பிடுங்கினீர்களா?

நடந்தேன், அம்மா, நடந்தேன். மூன்று மாடி, பதினான்கு அறை. சரி சார் திரையில் கீழே வரிசையாக நூறு கோப்புகள் சுருட்டி வைக்கப்பட்டிருந்தன. "என்னங்க இது?" என்றேன். "மூடினா திரும்பத் திறக்கணுமேங்க" என்றார். இரண்டு மாதமாக மெஷினை அணைக்கவே இல்லையாம்! ஸ்கேன் பிரிவு அம்மா இன்னும் ஒரு படி மேல். கறுப்பாக ஸ்கேன் ஆன ஒரு கோப்பைத் திறந்து வைத்து, திரையைக் கண்ணாடியாக்கித் தலை வாருகிறார். எல்லாவற்றையும் மூடவைத்தேன். நானூற்றுப் பன்னிரண்டு இருநூற்று முப்பது ஆனது.

பிறகு அனுமதி. ரிட்டையர் ஆன ஒரு அதிகாரி தன் பெயரிலேயே ஒரு பகுதியைப் பூட்டி வைத்துவிட்டுப் போயிருக்கிறார். அவர் வீட்டில் நிம்மதியாகச் செடிக்குத் தண்ணீர் ஊற்றுகிறார். எங்கள் கம்ப்யூட்டர் மட்டும் அவர் வந்து உத்தரவு போடுவார் என்று விசுவாசமாகக் காத்திருக்கிறது. பெயரை மாற்றினோம். ஒரே மதியத்தில் நூற்று அறுபத்தொன்பது கரைந்தது.

மீதி அறுபத்தொன்று. இதை யாரும் திறக்கவும் இல்லை, பூட்டவும் இல்லை. முடிஞ்சுதா, "கட்டாய நீக்கம்னு ஒரு பட்டன் இருக்காமே, அமுக்கிடுங்களேன்" என்கிறார். எனக்கும் அது தப்பாகத் தெரியவில்லை. உன் வார்த்தைக்காகத்தான் விரலை நிறுத்தி வைத்திருக்கிறேன். நாற்காலி கண்ணுக்குத் தெரிகிறது. அதற்குக் கைப்பிடிகூட இருக்கிறது.

உன் அண்ணன்

பிப்ரவரி 15

அண்ணனுக்கு,

நலம். பல் தானாக விழுந்தது, தொலைத்துவிட்டான்.

பட்டனைத் தொடாதே.

மூன்றாவது காரணம் இதுதான். நிரந்தரக் கிடங்கு ஒரு கோப்பை வாங்கியதும் அதன் பக்கங்களை எண்ணும். தற்காலிகத்தில் இருக்கிற எண்ணிக்கையோடு ஒத்துப்போனால் ரசீது அனுப்பும். ரசீது வந்தால்தான் இங்கே அழியும். அறுபத்தொன்றுக்கும் ரசீது வரவில்லையென்றால் அங்கே ஏதோ குறைகிறது. நீ பட்டனை அமுக்கினால், குறையாமல் இருக்கிற ஒரே நகலை அழிக்கிறாய்.

பத்துக் கோப்பை எடு. இரண்டு இடத்திலும் திறந்து பக்கங்களை எண்ணு. எண்ணிக்கையை எனக்கு எழுது. இன்னொன்று, மூலத் தாள்கள் பத்திரமாக இருக்கின்றன அல்லவா? எந்த அறையில்?

ஒரு நல்ல செய்தி. இந்தச் சிஸ்டத்தின் புது வடிவத்துக்கு என்னைப் பொறுப்பாளராகப் போடப் பேசிக்கொண்டிருக்கிறார்கள். இன்னும் கையெழுத்தாகவில்லை, யாரிடமும் சொல்லாதே. நீ சொல்லாமல் இருக்க மாட்டாய். அண்ணியிடம் மட்டும் சொல்.

தங்கை

மார்ச் 12

அன்புத் தங்கைக்கு,

தாமதத்துக்கு மன்னித்துக்கொள். சளி. இப்போது தேவலை. உன் செய்தியை அண்ணியிடம் மட்டும்தான் சொன்னேன். அவள் மூன்று பேரிடம் சொன்னது என் கணக்கில் வராது.

இங்கே பெரிய கூத்து. முடிஞ்சுதாவுக்குப் புது நாற்காலி வந்திருக்கிறது, சுழலுகிற வகை. அதில் ஏதோ கோளாறு. அவர் உட்கார்ந்ததும் கண்ணுக்குத் தெரியாதபடி மெல்ல மெல்லக் கீழே இறங்குகிறது. கூட்டம் ஆரம்பிக்கும்போது சட்டைப் பை தெரிகிறது. அரை மணி நேரத்தில் தாடை. முடிகிற சமயத்தில் மேசைக்கு மேலே இரண்டு கண்ணும் ஒரு கேள்வியும்தான். யாருக்கும் சொல்லத் தைரியமில்லை. சரி சார் மட்டும் மரியாதைக்காகத் தானும் கொஞ்சம் கொஞ்சமாகக் குனிந்துகொண்டே போகிறார். போன செவ்வாய்க்கிழமை இருவரும் மேசைக்கு அடியில் சந்தித்திருப்பார்கள், நல்லவேளை டீ வந்தது.

ஸ்கேன் பிரிவு அம்மா தலை வாரக் கண்ணாடி வாங்கிவிட்டார். மாடிப்படி கைப்பிடிக்குப் பச்சைப் பெயிண்ட் அடித்திருக்கிறார்கள், பேன்ட்டெல்லாம் பச்சை. மற்றபடி வேலை நன்றாகப் போகிறது. எல்லாம் கட்டுக்குள் இருக்கிறது. கவலைப்பட ஒன்றுமில்லை. மாப்பிள்ளையைக் கேட்டதாகச் சொல்.

உன் அண்ணன்

மார்ச் 20

அண்ணனுக்கு,

நலம். சளிக்கு ஆவி பிடி.

நாற்காலிக் கதையைச் சாப்பிடும்போது படித்துக் காட்டினேன். உன் மாப்பிள்ளைக்குப் புரையேறிவிட்டது. இரண்டு பக்கக் கடிதத்தில் நாற்காலி இருக்கிறது, பெயிண்ட் இருக்கிறது, கண்ணாடிகூட இருக்கிறது. நான் கேட்ட இரண்டு கேள்விக்கு ஒரு வரி இல்லை.

பக்கங்களை எண்ணினாயா? மூலத் தாள்கள் எங்கே?

பள்ளிக்கூட நாளில் மார்க் குறைந்தால்தான் நீ இவ்வளவு சிரிக்கவைப்பாய்.

தங்கை

ஏப்ரல் 2

அன்புத் தங்கைக்கு,

உடம்புக்கு ஒன்றுமில்லை. மற்றதைச் சொல்கிறேன்.

மூலத் தாள்கள் இல்லை. போன வருடமே அரைத்தாகிவிட்டது. "ஸ்கேன் செய்ததை ஒவ்வொன்றாகச் சரிபார்த்தேன், தாள்களை அழிக்கலாம்" என்று ஒரு படிவம். அதில் கையெழுத்து என்னுடையது. ஒவ்வொன்றாகச் சரிபார்க்கவில்லை. மேலாக நாலைந்து பார்த்தேன், அழகாக இருந்தது, போட்டுவிட்டேன். கையெழுத்தும் அழகாகத்தான் வந்தது. அரைத்த தூளை மூட்டை மூட்டையாக லாரியில் ஏற்றியபோது நின்று கையசைத்த முட்டாள் நான்தான்.

பக்கங்களை உன் பிப்ரவரிக் கடிதம் வந்த வாரமே எண்ணினேன். பத்து அல்ல, அறுபத்தொன்றையும். எல்லாவற்றிலும் நிரந்தரக் கிடங்கில் ஒரு பக்கமோ இரண்டு பக்கமோ இல்லை. அதைத்தான் போன கடிதத்தில் எழுத முடியவில்லை.

காணாமல் போனவை எல்லாம் ஒரே ஆளுடையவை. எங்களிடம் ஒரு தெரு அளவையாளர் இருந்தார். எல்லோரும் பென்சில்காரர் என்போம். பேனாவைத் தொடமாட்டார். "மை மழையில ஓடிரும் சார், பென்சில் ஓடாது" என்பார். மண்ணுக்கு அடியில் எந்த இடத்தில் வால்வு இருக்கிறது, எந்தச் சுவரிலிருந்து எத்தனை அடி என்று பூப்போல வரைவார். அவ்வளவு மெலிசு. அவர் போய்ச் சேர்ந்து நாலு வருடம். அந்தப் படங்கள் இப்போது உலகத்திலேயே அந்தத் தற்காலிகக் கிடங்கில் மட்டும்தான் இருக்கின்றன. மங்கல்தான், ஆனால் கண்ணைச் சுருக்கினால் எல்லா எண்ணும் தெரிகிறது. நிரந்தரத்தில் சுத்தமாக இல்லை.

குழாய் உடைந்தால் அந்தத் தாளைப் பார்த்துத்தான் எங்கள் ஆட்கள் தோண்டுவார்கள். ஒரு கோப்புக்கு ஒரு தெரு. தாள் இல்லையென்றால் அறுபத்தொரு தெருவிலும் குத்துமதிப்புதான்.

பென்சில் பக்கத்தை மட்டும் தேடிப்பிடித்துத் தூக்கியெறிவது எது? அது தெரிந்தால் திருப்பி ஏற்றிவிடலாம் என்று நினைக்கிறேன். முடியும் என்றே தோன்றுகிறது. கையெழுத்து விஷயத்தை இன்னும் யாரிடமும் சொல்லவில்லை.

உன் அண்ணன்

மே 5

அன்புத் தங்கைக்கு,

ஒரு மாதமாகிவிட்டது, பதில் இல்லை. நலமா? பொறுக்காமல் மாப்பிள்ளைக்குப் போன் செய்தேன். "நல்லாத்தான் இருக்கா மச்சான். ஆனா சாப்பிடும்போது சுவரையே பாக்குறா. உங்க லெட்டர் வந்த நாள்லேருந்து" என்றார். என் மேல் கோபமா? கையெழுத்துப் போட்டதற்குத் திட்ட வேண்டுமென்றால் திட்டு, வாங்கிக்கொள்கிறேன். பழக்கம்தானே.

இன்னும் இருபத்தாறு நாள். நேற்று முடிஞ்சுதா கூப்பிட்டார்.

"முடிஞ்சுதா?"

"முடியல சார். இப்படியே முடிக்கவும் கூடாது."

"பட்டனை அமுக்க எவ்வளவு நேரமாகும்?"

"ரெண்டு செகண்டு."

"அப்புறம் என்ன?"

"அப்புறம் குழாய் உடைஞ்சா ரோடு பூரா தோண்டணும் சார். அது ரெண்டு செகண்டுல ஆகாது."

"காகிதம் இருக்கும்ல? அதைப் பாத்துக்கலாமே."

காகிதம் அரைபட்டதைச் சொல்ல வாயைத் திறந்தேன். சரி சார் அந்த நேரம் பார்த்து, "சார் சொல்றது சரிங்க சார், நான் வேணா அமுக்கிடறேன்" என்றார். எழுந்து நின்று, "என் கையெழுத்து இல்லாம யாரும் அந்த மெஷினைத் தொடக்கூடாது" என்று சொல்லிவிட்டேன். என் குரல்தானா என்று எனக்கே சந்தேகம். மெஷின் இருக்கிற அறைச் சாவி இப்போது என் சட்டைப் பையில் இருக்கிறது.

ஒரு வரியாவது எழுது.

உன் அண்ணன்

மே 11

அண்ணா,

எனக்கு ஒன்றுமில்லை. கோபமும் இல்லை. உன் கடிதத்தை முப்பது தடவை படித்தேன்.

பென்சில் பக்கத்தைத் தூக்கியெறிந்தது நான்தான்.

வெற்றுத் தாள்கள் நிரந்தரக் கிடங்கில் இடத்தை அடைக்கக் கூடாது என்று ஏழு வருடத்துக்கு முன் ஒரு விதி போட்டோம். எவ்வளவு கறுப்பு இருந்தால் அது எழுத்து, எவ்வளவுக்குக் கீழே போனால் அது வெற்றுத் தாள் என்று ஒரு அளவு வைக்க வேண்டும். வைத்தவள் நான். அச்சுத் தாளையும் பேனாத் தாளையும் வைத்துச் சோதித்தேன். பென்சிலால் எழுதுகிற மனிதர்கள் இருப்பார்கள் என்று எனக்குத் தோன்றவேயில்லை.

பக்கத்தை எண்ணுகிற பகுதியை எழுதியவள் என் பக்கத்து மேசைக்காரி. அவளுக்கு ஒரு கோடு இருந்தாலும் அது பக்கம். எனக்கு அந்தக் கோடு தூசி. இருவர் எண்ணிக்கையும் ஒத்துப்போகாததால்தான் ரசீது வரவில்லை, அறுபத்தொன்றும் பிழைத்தன. இந்த எண்ணிக்கை வேண்டாத வேலை, எடுத்துவிடுவோம் என்று அவளோடு ஒரு வாரம் சண்டை போட்டவளும் நான்தான். நல்லவேளை, அவள் என் அளவுக்குக் கெட்டிக்காரி இல்லை, விட்டுக்கொடுக்கத் தெரியவில்லை.

உன்னைக் கேள்விக்கு மேல் கேள்வி கேட்டுவிட்டு, பதில் வந்தபோது என்னால் எழுத முடியவில்லை.

இதோ வழி. அமைப்புகள் பக்கத்தில் "வெற்றுத் தாள் தவிர்" என்று இருக்கும். அதை நிறுத்து. அதற்கு உன் அதிகாரியின் கடவுச்சொல் வேண்டும். அறுபத்தொன்றையும் தற்காலிகத்திலிருந்து மறுபடி அனுப்பு. எண்ணு. சரியாக இருந்தால் ரசீது வரும், தானாகவே நீங்கும். பட்டன் தேவையே இல்லை. ஒரே நாள் வேலை. உன்னால் முடியும்.

முழங்காலைப் பார்த்துக்கொள்.

தங்கை

ஜூன் 3

அன்புத் தங்கைக்கு,

நலமோ நலம். முதலில் எண்ணிக்கை. அறுபத்தொன்று பூஜ்யமானது. மே 27, மதியம் மூன்றே கால். ஒவ்வொரு பக்கமாக நானும் ஸ்கேன் பிரிவு அம்மாவும் உட்கார்ந்து எண்ணினோம். ஒரு பக்கம்கூடக் குறையவில்லை. மெஷினைக் கழற்றிக்கொண்டு போய்விட்டார்கள். இந்தத் தடவை நான் கையசைக்கவில்லை.

இப்போது உன் வண்டவாளத்துக்கு வருகிறேன். கடவுச்சொல் வேண்டுமென்றால் காரணம் சொல்ல வேண்டும். ஆகவே ஒரு வெள்ளைத் தாளில், "சரிபார்க்காமல் கையெழுத்திட்டது நானே, தவறு முழுக்க என்னுடையது" என்று எழுதிக்கொண்டு முடிஞ்சுதா அறைக்குள் போனேன். அவர் மேசையில் இன்னொரு தாள் இருந்தது. அன்றைய தபாலில் வந்ததாம். "அளவைத் தப்பாக வைத்தது நானே, தவறு முழுக்க என்னுடையது, உங்கள் ஆபீசில் யாரும் பொறுப்பில்லை." கையெழுத்தைப் பார்த்தேன். எனக்குத் தெரிந்த கையெழுத்து.

அவர் இரண்டையும் மாற்றி மாற்றிப் படித்தார். நாற்காலி இறங்கிக்கொண்டே இருந்தது.

"யாருங்க இந்த அம்மா?"

"என் தங்கச்சி சார்."

"உங்க வீட்டுல தப்பை ஒத்துக்கறதுக்குப் போட்டியா? என் வீட்டுல பால் பொங்கி வழிஞ்சாக்கூட யாரும் ஒத்துக்க மாட்டாங்களே."

"சின்ன வயசுலேருந்தே அவ எதையும் விட்டுக்கொடுக்க மாட்டா சார்."

கொஞ்சம் சிரித்தார். கடவுச்சொல்லைக் கொடுத்தார். வேலை எல்லாம் முடிந்த பிறகு மறுபடி கூப்பிட்டார். "ஃபைலுக்கு ஒரு காரணம்தான் வேணும். ரெண்டு பேர் முழுத் தப்பையும் எடுத்துக்கிட்டா மேல இருக்கறவங்க என்னைக் கேள்வி கேப்பாங்க. ஒண்ணை வைங்க, ஒண்ணை எடுத்துட்டுப் போங்க" என்றார்.

உன்னுடையதை எடுத்துக்கொண்டேன். இத்துடன் வைத்திருக்கிறேன், கிழித்துப் போடு. உனக்குப் புதுப் பொறுப்பு வருகிற நேரத்தில் இது எதற்கு? எனக்கு ஒரு மெமோ கொடுத்தார்கள். சரி சாருக்கு நாற்காலி கொடுத்தார்கள். வாழ்த்தச் சென்றேன். "சரி சார்" என்று என்னையே சார் ஆக்கிவிட்டார், பழக்கதோஷம். எனக்கு வருத்தமில்லை, நிஜமாகத்தான் சொல்கிறேன். உன் அண்ணி மட்டும் இரண்டு நாள் பாத்திரங்களைக் கொஞ்சம் சத்தமாக வைத்தாள்.

உன் அண்ணன்

ஜூன் 12

அண்ணா,

எல்லோரும் நலம். அண்ணியிடம் பாத்திரங்களைப் பொறுமையாக வைக்கச் சொல்.

நீ பெரிய தியாகம் செய்துவிட்டதாக நினைத்துக்கொண்டிருக்கிறாய். உங்கள் அதிகாரிக்கு எழுதிய அன்றே என் ஆபீசிலும் அதே கடிதத்தைக் கொடுத்துவிட்டேன். புது வடிவத்தின் பொறுப்பு பக்கத்து மேசைக்காரிக்குப் போய்விட்டது. போக வேண்டிய இடம்தான். வாழ்த்தினேன், கட்டிப்பிடித்து அழுதாள். எண்ணுவதில் இருக்கிற நிதானம் அழுவதில் இல்லை.

இந்தச் சிஸ்டம் இன்னும் பதினோரு ஆபீசில் ஓடுகிறது. அங்கெல்லாம் யார் பென்சிலில் எழுதினார்களோ, யாருக்குத் தெரியும்? எல்லா இடத்துக்கும் நேரில் போய் விதியை நிறுத்தி, கிடங்கைத் திறந்து பார்த்து வரும் வேலையை நானே கேட்டு வாங்கினேன். கையெழுத்தாகிவிட்டது. பதினோரு ஆபீசுக்கும் முன்னால் உங்கள் ஆபீசுக்கு வருகிறேன். நீ எண்ணியதை நான் ஒரு தடவை எண்ணிப் பார்க்க வேண்டும். உன் எண்ணிக்கையின் மேல் எனக்கு அவ்வளவு நம்பிக்கை கிடையாது.

திங்கட்கிழமை காலை ஒன்பதரைக்கு வாசலில் இருப்பேன். போனைப் பிடுங்கட்டும், பரவாயில்லை. நீ திருப்பி அனுப்பிய தாளைக் கையோடு கொண்டு வருகிறேன். கிழிக்கவில்லை. உங்கள் அதிகாரி முன்னால் நின்று, ஃபைலில் உன்னுடையதற்குக் கீழே நானே கோத்துவிட்டுத்தான் வேலையைத் தொடங்குவேன். அவர் மேலே இருப்பவர்களுக்குப் பதில் சொல்லப் பயந்தால் பக்கத்திலேயே உட்கார்ந்து நான் சொல்லித் தருகிறேன். உட்கார எனக்கு வேறு நாற்காலி போடச் சொல்.

தங்கை